மாட்டுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி: தடை எதற்கு என்று கேட்டவருக்கு

வாசகர் கேட்டது, ஜூன் 3:
"கறவை மாட்டுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் பால் 10, 15 சதவீதம் கூடுகிறது. அந்தப் பாலைக் குடிப்பவர்களுக்குக் கெடுதல் இல்லை என்று ஆராய்ந்து சொல்லியாகிவிட்டது. அப்புறமும் சில நாடுகள் தடை போட்டிருப்பது வெறும் பயம்தானே? விஞ்ஞானத்துக்கு எதிரான சட்டம் எதற்கு?"

ஜூன் 3, இரவு

பயம் காரணமில்லை, மாடு காரணம். இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் பத்து நிமிடத்தில் "பால் குடிக்கலாமா, கூடாதா" என்பதில் போய் நின்றுவிடுகிறது. மாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கனடா 1999 ஜனவரியில் இந்த ஊசியைத் தடை செய்தது. அதற்கு முன் இரண்டு நிபுணர் குழுக்களிடம் கேட்டார்கள். மனித நலத்தைப் பார்த்த மருத்துவர் குழுவுக்குக் குடிப்பவர்களுக்கு ஆபத்து என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் தென்படவில்லை. கால்நடை மருத்துவர்கள் குழு வேறு கதை சொன்னது: மடிநோய் கூடுகிறது, நொண்டல் கூடுகிறது, சினை பிடிப்பது குறைகிறது. முடிவு எடுத்தது இந்த இரண்டாவது அறிக்கையை வைத்து. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் மாட்டின் நலத்தையே காரணமாகக் காட்டித் தடையை நிரந்தரமாக்கியது. 2000 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது.

ஆகவே "விஞ்ஞானத்துக்கு எதிரான சட்டம்" என்பது சரியில்லை. விஞ்ஞானிகளிடம் கேட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

ஜூன் 4, காலை

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

இந்த ஹார்மோன் மாட்டின் உடம்பிலேயே, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியில், ஊறுவதுதான். பி.எஸ்.டி. என்பார்கள். பிட்யூட்டரிச் சாற்றைக் கறவை மாட்டுக்கு ஏற்றினால் பால் கூடுகிறது என்று சோவியத் ஆராய்ச்சியாளர்கள் 1937இலேயே எழுதிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் பால் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டனிலும் இதை யோசித்தார்கள். ஆனால் வெட்டிய மாடுகளின் சுரப்பியிலிருந்து எடுத்தால் எத்தனை மாட்டுக்குக் காணும்? யோசனையோடு நின்றுபோனது. அந்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து ஹார்மோனைத் தொட்டி தொட்டியாகத் தயாரிக்க முடிந்த 1980களில்தான் அது வியாபாரமானது. 1993 நவம்பரில் அமெரிக்கா மான்சாண்டோ நிறுவனத்தின் 'போசிலாக்' என்ற இந்த ஊசிமருந்தை அனுமதித்தது. 1994 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது.

ஒரு ஊசிக்கு 500 மில்லிகிராம், எள்ளெண்ணெயில் கலந்தது. கன்று ஈன்ற ஒன்பதாவது பத்தாவது வாரத்தில் தொடங்கி, பால் வற்றவிடும் வரை 14 நாளுக்கு ஒன்று. கறவைக்காலம் 305 நாள் என்று கொண்டால் ஒரு ஈத்துக்குப் பதினேழு பதினெட்டு ஊசி.

குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆக்ஸிடோசின் ஊசி வேறு. அது மடியில் ஏற்கெனவே ஊறி நிற்கும் பாலை இறக்கிவிடும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதற்கென்று தனி வழக்கு உண்டு, இன்னொரு நாள் பேசலாம். இந்த ஊசி பாலையே அதிகமாக ஊற வைக்கும், அதுவும் மாதக்கணக்கில்.

ஜூன் 4, இரவு

திருத்தம். நேற்று "கனடா தடை செய்தது" என்று எழுதிவிட்டேன். சரியாகச் சொன்னால், விற்க அனுமதி கேட்டார்கள், கனடா தர மறுத்தது. சின்ன வித்தியாசம் என்று தோன்றலாம், இல்லை. தடை என்றால் ஏற்கெனவே புழங்கும் ஒன்றை நிறுத்துவது. கெடுதல் என்று அரசு நிரூபிக்க வேண்டும். அனுமதி என்றால் கெடுதல் இல்லை என்று கேட்பவர் காட்ட வேண்டும். நிரூபிக்கும் பாரம் யார் தோளில் என்பதிலேயே பாதி விவகாரம் முடிந்துவிடுகிறது. மாடு வாய் திறந்து சொல்லாது. பாரத்தை அதன் தோளில் வைத்தால் அது என்றைக்கும் தோற்கும்.

ஜூன் 5

பாலைக் குடிப்பவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் மறைக்கிறேன் என்று ஆகிவிடும். இந்த ஹார்மோன் ஒரு புரதம், வயிற்றில் செரித்துவிடும். ஊசியாகவே ஏற்றினாலும் மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் மனித உடம்பில் வேலை செய்யாது. 1950களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்துப் பலிக்காமல் விட்டார்கள். வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருள் பாலில் கொஞ்சம் கூடலாம் என்ற கவலை இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1998இலும் 2013இலும் அதைப் பார்த்து, மனிதருக்கு ஆபத்தில்லை என்றே சொன்னது. நானும் அதை ஏற்கிறேன்.

ஏற்றுக்கொண்ட பிறகும் என் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஜூன் 6

"இயற்கையாக ஊறுவதுதானே, கொஞ்சம் கூடக் கொடுத்தால் மாட்டுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

ஊசி நேராக மடியைப் போய்த் தட்டி எழுப்புகிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது உடம்பு முழுவதற்கும் போகும் உத்தரவு. கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1ஐக் கூடுதலாக விடுகிறது, கொழுப்பில் சேர்ந்திருப்பது கரைகிறது, தின்றதில் பெரிய பங்கு மடிக்குத் திரும்புகிறது. பால் ஒரு சில நாட்களில் ஏறிவிடும். ஆனால் தீவனம் எடுப்பது அதற்கு ஈடாக ஏறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். நடுவில் இருக்கும் பள்ளத்தை மாடு தன் உடம்பிலிருந்தே நிரப்புகிறது.

இப்போது இந்த ஊசி தொடங்கும் காலத்தைப் பாருங்கள். கன்று ஈன்றதும் பால் ஏறிக்கொண்டே போய் ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம் தொடும். அந்த வாரங்களில் நல்ல கறவை மாடு எதுவுமே தின்பதை விட அதிகமாகக் கறந்துகொண்டிருக்கும். விலா எலும்பு தெரியும், இடுப்பெலும்பின் முனை துருத்தும், வால் அடியில் இரண்டு பக்கமும் குழி விழும். பிறகு பால் மெல்லக் குறையத் தொடங்கும், தீவனம் எட்டிப் பிடிக்கும், மாடு தேறும். அப்போதுதான் சினைப்பருவமும் ஒழுங்காக வரும். ஒன்பதாவது வாரம் என்பது மாடு மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டிய வேளை. முதல் ஊசி போடச் சொல்வது சரியாக அந்த வேளையில்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு மாட்டின் போக்கும் வேறு என்று தெரிந்தவர்கள் சொன்ன சொல் அது. தேறிய மாட்டுக்கும் தேறாத மாட்டுக்கும் ஒரே நாட்காட்டி வைப்பது அதற்கு நேர் எதிர்.

ஜூன் 7

மடிநோய் என்றால் என்ன என்று பார்க்காதவர்களுக்கு "ஊசியால் மடிநோய் 25 சதவீதம் கூடும்" என்பது வெறும் எண். அதனால் ஒன்று சொல்கிறேன்.

சில வருடம் ஒரு பண்ணையில் கறவை வேலை பார்த்தேன். கறப்பதற்கு முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு மூன்று பீச்சு பாலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்ப்பது வழக்கம். கறுப்பில்தான் வெள்ளைத் திரிகள் பளிச்சென்று தெரியும். ஒருநாள் விடியற்காலை, மூன்றாம் ஈத்து மாடு ஒன்று. மற்ற நாளெல்லாம் தானாக வந்து தன் இடத்தில் நிற்கும், நான் தொட்டதும் சுரப்பு விடும். அன்றைக்கு வாசலிலேயே நின்றுவிட்டது. பின்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்திருந்தது. இடது பின்பக்க மடியைத் தொட்டேன். கல் மாதிரி இறுகி, உள்ளங்கை சுடும்படி இருந்தது. ஒருநாளும் உதைக்காத மாடு, கை பட்டதும் காலைத் தூக்கியது. தட்டில் விழுந்தது பாலே இல்லை. மஞ்சள் தண்ணீரும் அதில் மிதக்கும் திரியும்.

அந்தப் பாலைக் கறந்துதான் ஆக வேண்டும், விட்டால் இன்னும் கெடும். நாளைக்கு நான்கு முறை கறந்தேன். ஒவ்வொரு முறையும் அதற்கு வலித்தது, ஒவ்வொரு முறையும் வலி கொடுத்தது என் கை. காம்பு வழியாக மருந்து ஏற்றினோம், உடம்பிலும் ஊசி. ஐந்தாம் நாள்தான் ஒழுங்காக அசை போட்டது. அந்தக் காம்பு மட்டும் பழையபடி திரும்பவே இல்லை.

அந்த மாட்டுக்கு யாரும் ஹார்மோன் போடவில்லை. அதை ஒளிக்க மாட்டேன். மடிநோய் ஊசி இல்லாமலும் வரும். ஆனால் வருவதைக் கூட்டும் ஒன்றை, நோய்க்காக அல்லாமல் பாலுக்காக மட்டும் ஏற்றலாமா என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த வாசலும் அகட்டிய காலும்தான் ஞாபகம் வரும்.

ஜூன் 8

எண்ணுக்கு வருவோம். கனடாக் குழு தான் திரட்டிய ஆய்வுகளின் கணக்கை 2003இல் கால்நடை மருத்துவ இதழில் வெளியிட்டது. பால் தலையீத்து மாடுகளில் 11.3 சதவீதம், மற்றவற்றில் 15.6 சதவீதம் கூடுகிறது. மடிநோய் வரும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் கூடுகிறது. சினை பிடிக்காமல் போகும் வாய்ப்பு 40 சதவீதம். நொண்டல் 55 சதவீதம்.

ஒன்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். 25 சதவீதம் என்றால் நூற்றில் 25 மாடு கூடுதலாக விழும் என்று பொருள் இல்லை. ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு 20 மாட்டுக்கு மடிநோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால் அது 25 ஆகும். கூடுதல் ஐந்து மாடு. ஊசிக்கு எதிராகப் பேசுபவர்களே இதை ஊதிப் பெருக்குவதைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். ஐந்து மாடே போதும்.

இது எதிராளிகள் கட்டிவிட்ட கதை என்று சொல்பவர்கள் அமெரிக்காவில் அந்த மருந்தோடு வந்த குறிப்புத் தாளையே பார்க்கலாம். மடிநோய் கூடலாம், சினை பிடிப்பது குறையலாம், கருப்பையில் நீர்க்கட்டி வரலாம், முழங்காலில் புண் வரலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம் என்று அதிலேயே போட்டிருந்தது.

ஜூன் 8, பிறகு

மேலே அவசரத்தில் "கருப்பையில் நீர்க்கட்டி" என்று எழுதிவிட்டேன். சினைப்பையில். கருப்பைக் கோளாறு அந்தத் தாளில் தனியாக இருக்கிறது.

ஜூன் 9

"2014இல் வந்த ஆய்வைப் பார்க்கவில்லையா?" என்று இருவர் கேட்டுவிட்டார்கள். பார்த்தேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, விற்பனையில் இருக்கும் மருந்தைச் சொன்னபடி போட்டால் மடிநோயும் நொண்டலும் கூடவில்லை என்று சொல்கிறது. இந்த ஹார்மோனை 1980களிலிருந்து ஆராய்ந்துவரும் டேல் பாமனும் எழுதியவர்களில் ஒருவர்.

இரண்டு கணக்கும் ஏன் மோதுகின்றன? எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் நிறைய இருக்கிறது. கனடாக் குழு ஹார்மோனின் வேறு தயாரிப்புகளையும் சேர்த்தது. 2014 ஆய்வு ஒரே தயாரிப்போடு நின்றது. அது நியாயமான வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் அதே ஆய்விலும் முழுக் காலத்தையும் பார்த்தால் சினை பிடித்த மாடுகள் குறைவு, உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது. அப்புறம், "சொன்னபடி போட்டால்" என்பதில்தான் எனக்கு உறுத்தல். ஆய்வுப் பண்ணையில் ஒவ்வொரு மாட்டையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். தீவனம் குறைந்தால், வெயில் ஏறினால், ஆள் வராமல் போனால் என்ன ஆகும் என்பது அந்தத் தாளில் இருக்காது. பால் கூடினால் உடம்புச் சூடும் கூடும். தண்ணீரும் நிழலும் போதாத இடத்தில் அந்தச் சூடு எங்கே போகும்?

ஜூன் 10

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நானே எடுத்து வைக்கிறேன்.

ஊசிக்காரர்கள் சொல்வது: "மடிநோய் கூடுவது ஊசியால் இல்லை, பால் கூடுவதால். எப்படிப் பால் கூட்டினாலும் அவ்வளவு கூடும். ஒரு லிட்டருக்கு எவ்வளவு நோய் என்று பாருங்கள். மாடும் குறைவாகப் போதும்." முதலில் இதைக் கேட்டபோது தட்டிக் கழித்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஊசி இல்லாமல் 100 மாடு தரும் பாலை, 15 சதவீதம் கூடினால் 87 மாடு தந்துவிடும். முதலில் 100 மாட்டில் 20 மடிநோய். இப்போது 87 மாட்டில் நூற்றுக்கு 25 வீதம், அதாவது சுமார் 22. வித்தியாசம் பெரிதாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நொண்டலை அதே மாதிரி 20 என்று தொடங்கினால் 87 மாட்டில் 27 ஆகிறது. அது கரையவில்லை. இத்தனைக்கும் இந்தக் கணக்கு ஊசிக்குச் சாதகமாகப் போட்டது. முதல் இரண்டு மாதம் ஊசியே கிடையாது என்பதால் முழு ஈத்துக்கும் பால் 15 சதவீதம் கூடாது.

இருந்தாலும் அடிப்படையில் அவர்கள் சொல்வது உண்மை. அதை ஏற்றுக்கொண்டால் வழக்கு இன்னும் பெரிதாகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கறவை மாட்டின் நலம் பற்றி 2009இல் தந்த அறிக்கையில், அதிகப் பாலுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததுதான் மாட்டின் நலக்கேட்டுக்குப் பெரிய காரணம் என்று சொன்னது. அது ஊசிக்குத் தடை இருக்கும் நிலம். ஊசி வாசல் வழியாக வரவில்லை. அதே சுமை ரத்தத்தின் வழியாக வந்துவிட்டது.

ஆக, ஊசியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது போதாது. நான்கு நாள் முன்பு நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூன் 11

"அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறீர்களா?" முடியும், செய்தும் இருக்கிறார்கள். நார்வேயில் ஒவ்வொரு மாட்டின் நோய்க் கணக்கையும் 1975 முதல் நாடு முழுக்கப் பதிவு செய்கிறார்கள். 1978 முதல், காளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மகள்களுக்கு எவ்வளவு பால் என்பதோடு, எத்தனை பேருக்கு மடிநோய் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மடிநோய் மரபில் இறங்கும் பங்கு சிறியதுதான், ஆனாலும் பொறுமையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் நோய் குறைகிறது. எனக்கு இந்தச் செய்தி முதலில் தெரிந்தபோது மனசு நிறைந்தது. நோயை எழுதி வைக்கும் நோட்டு ஒரு மாட்டின் பேத்திக்கு உதவுகிறது.

ஜூன் 12

ஊசி போட்ட மாட்டின் பால் என்று பாக்கெட்டில் சீட்டு ஒட்டினால் போதாதா, வேண்டியவர் வாங்கட்டும் என்கிறார் ஒருவர்.

அமெரிக்காவில் அந்த வழியில்தான் போனார்கள். வெர்மான்ட் மாநிலம் ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டது. வாங்குபவர்களின் ஆவல் மட்டும் போதிய காரணம் ஆகாது என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஊசி போடாத பால் என்று தாமாகவே ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு பாலுக்கும் வித்தியாசம் காட்டப்படவில்லை என்ற வரியையும் சேர்ப்பது நல்லது என்றது அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம். பாலுக்கு வித்தியாசம் இல்லை, சரி. மாட்டுக்கு? அந்த வரியில் அதற்கு இடமே இல்லை.

ஆனாலும் மக்கள் கேட்டார்கள். 2008இல் வால்மார்ட் தன் சொந்தப் பெயரில் விற்கும் பாலை ஊசி போடாத மாடுகளிலிருந்தே வாங்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு மான்சாண்டோ போசிலாக்கை எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்திடம் விற்றுவிட்டது. அந்த நாட்டு வேளாண் துறையின் கணக்கெடுப்பில் 2007இல் சுமார் 17 சதவீத மாடுகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள், 2014இல் சுமார் 15. சட்டம் இல்லாமலே குறைந்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் வாங்குபவர்கள் விலகியதில் பெரும்பகுதி தங்கள் உடம்பை நினைத்து. நாளைக்கு அந்தப் பயம் தெளிந்தால் மாட்டுக்கு இருந்த ஒரே அரணும் போய்விடும். பயத்தின் மேல் கட்டிய பாதுகாப்பை நான் நம்பமாட்டேன்.

ஜூன் 14

"சட்டம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்?"

முதலில், ஐரோப்பியர்கள் 1998இல் பண்ணை விலங்குகளுக்காகப் போட்ட நெறிமுறையில் ஒரு விதி இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்வேன். நோய் தீர்க்கவோ தடுக்கவோ, இனப்பெருக்கம் போன்ற சில தேவைகளுக்கோ அல்லாமல் வேறு எதையும் விலங்குக்குக் கொடுக்கக் கூடாது, அதன் நலத்துக்குக் கேடில்லை என்று ஆய்வாலோ நிலைத்த அனுபவத்தாலோ காட்டினால் ஒழிய. 4ஆம் தேதி இரவு சொன்ன பாரம் இங்கே சரியான தோளில் இருக்கிறது. இதற்கு எந்த மருந்தின் பெயரும் தேவையில்லை, நாளைக்கு வரப்போவதற்கும் பொருந்தும்.

அடுத்து, அவர்கள் விட்ட இடத்தை அடைப்பேன். அவர்கள் தடை தங்கள் மாட்டை மட்டும் காக்கிறது. ஊசி போட்ட மாட்டின் பால் பொருள் வெளியிலிருந்து வருவதைத் தொடவில்லை. வலி எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தால் வலி இல்லையா?

மூன்றாவதுதான் 10ஆம் தேதிக்குப் பிறகு எனக்கு முக்கியமாகத் தோன்றுவது. ஊசியை எண்ணுவதோடு மாட்டையும் எண்ண வேண்டும். வருடத்தில் எத்தனை மடிநோய், எத்தனை நொண்டல், எத்தனை மாடு எந்த ஈத்தில் கழிக்கப்பட்டது. இதை ஒவ்வொரு பண்ணையும் எழுதி வைக்க வேண்டும், வெளியாள் வந்து பார்க்க வேண்டும். அளவு மீறினால் காரணம் ஊசியா, இனமா, தரையா என்று தேடட்டும். மாட்டுக்கு மூன்றும் ஒன்றுதான்.

ஜூன் 15

முதலில் கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார்: "மாட்டுக்குக் கேடில்லை என்று நிஜமாகவே காட்டிவிட்டால் ஏற்றுக்கொள்வீர்களா?"

ஏற்றுக்கொள்வேன். முழு ஈத்துக்கும், சாதாரணப் பண்ணைகளில், விற்பவர் அல்லாத ஒருவர் காட்டினால். அதிலும் பதினெட்டு ஊசியின் வலியைக் கணக்கில் சேர்த்து.

ஜூன் 16

நொண்டலை எப்படி எண்ணுவது, எல்லா மாடும் கொஞ்சம் ஆடித்தானே நடக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கருவி எதுவும் வேண்டாம். கறந்து முடித்து வெளியே விடும்போது பக்கவாட்டில், சமதரையில் நின்றுகொள்ளுங்கள். முதுகைப் பாருங்கள், காலை அல்ல. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு பலகை மாதிரி நேராக இருந்தால் 1. நிற்கும்போது நேர், நடக்கும்போது வளைகிறது என்றால் 2. இரண்டிலும் வளைந்து, எடுத்து வைக்கும் அடி குறுகியிருந்தால் 3. ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்து, ஏதோ ஒரு காலைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தால் 4. ஒரு காலை ஊன்றவே மறுத்தால் 5. பெரும்பாலும் 2இல் இருப்பதைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். அந்த நிலையிலேயே குளம்பைத் தூக்கிப் பார்த்துச் சீவிவிட்டால் 4க்குப் போவதைப் பல நேரம் தடுக்கலாம். மாட்டின் எண்ணையும் அதன் முதுகுக்குக் கொடுத்த எண்ணையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் நின்று மறுபடி பாருங்கள்.